கிராம்சியின் கடிதங்களும் யூலியாவின் மௌனமும்

அந்தோனியோ கிராம்சியின் சிறைக் கடிதங்களை அஞ்சாநெஞ்சன் ஒருவனின் ஆவணமாகப் படிப்பதிற் பிழையில்லை. ஆயின், ஒரு தாம்பத்தியம் பத்தாண்டுக் காலத்திற் படிப்படியாகச் சிதைந்தமைக்கும் அவையே சான்றாகும்.

1926 நவம்பரிற் பாசிச அரசு அவரைக் கைதுசெய்தபோது மனைவி யூலியா மொஸ்கோவில் இருந்தார். அவ்வாண்டு ஓகஸ்டிற் பிறந்த இளைய மகனை, 1937இல் இறக்கும்வரை கிராம்சி காணவேயில்லை. தூரிச் சிறையில் முதலிற் பதினைந்து நாட்களுக்கு ஒரு கடிதமே அனுமதிக்கப்பட்டது. அதுவும் உறவினருக்கு மட்டும். அதனைத் தணிக்கையாளர் படிப்பார். பின்னர் மைத்துனி தாத்தியானா பிரதிசெய்து பொருளியலறிஞர் பியரோ ஸ்ராபாவுக்கு அனுப்புவார். அவர்வழி அது கட்சித் தலைமையையும் எட்டும். இத்தனை கண்கள் மேயும் தாளில் ஒருவர் தம் மனைவிக்கு எதைத்தான் எழுதமுடியும்? உடலின் ஏக்கம் அக்கடிதங்களில் அருகியே பேசப்படுவதை ஆசிரியரின் கூச்சமென்று மட்டும் விளக்கிவிட இயலாது.

யூலியாவின் மௌனத்தை அவரது பலவீனமாகக் கொள்வது இதனினும் பெருந்தவறு. அவர் நரம்பு நோயால் வருந்தினார். அதன் கடுமையைக் குடும்பத்தார் கிராம்சிக்கு மறைத்தனர். கிராம்சியோ தம் நோய்களைத் தாத்தியானாவுக்கே விரிவாக எழுதினார். ஒருவர் நோயை மற்றவர் சரிவர அறியாத இல்லறம் அது! சுவர்களாலான சிறையை எதிர்பார்த்திருந்த தாம், குடும்ப வாழ்விலிருந்தும் துண்டிக்கப்படும் இரண்டாவது சிறையை எதிர்பார்க்கவில்லை என 1930 மே மாதக் கடிதமொன்றிற் குறிப்பிடுகிறார். 1932 நவம்பரில், யூலியா புதுவாழ்வு தொடங்கும்பொருட்டுத் தாம் விலகிவிடலாமா என ஆராய்கிறார். தியாகமென எளிதிற் புகழத்தக்க இவ்வெண்ணம், யூலியாவிடமன்றித் தாத்தியானாவிடமே முதலில் வெளியிடப்பட்டது. உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை பெற்ற யூலியாவைக் குறித்து, பண்பட்ட ஒருவர் தமக்குத் தாமே மருத்துவராகலாம் என்று அவர் எழுதுவதிலும் ஆசானின் குரலே மேலோங்குகிறது.

1934இல் தொகுத்தெழுதிய 'அமெரிக்கவாதமும் போட்முறையும்' என்ற குறிப்பேட்டை இவற்றோடு இணைத்து நோக்குதல் வேண்டும். தொழிலாளரின் அந்தரங்க வாழ்வைப் போட் நிறுவனம் கண்காணித்தமையை அங்கு ஆராயும் கிராம்சி, புதிய உழைப்புமுறை பாலுணர்ச்சியின் ஒழுங்கமைப்பை வேண்டி நிற்பதாக வாதிடுகிறார். பெண் மெய்யான சுதந்திரத்தையும், பாலுறவில் தன் பங்கு பற்றிய புதிய பிரக்ஞையையும் எய்தும்வரை பாலியற் பிரச்சினையின் நோய்க்கூறுகள் நீங்கா என்பதும் அவர் துணிபு. இவ்வொழுங்கைப் பற்றி எழுதியவர், எட்டாண்டுகளாகப் பிரமசரியம் திணிக்கப்பட்ட கைதி. அவர் கோட்பாடு பெண்ணுக்கு வழங்கிய சுதந்திரத்தை அவர் கடிதங்கள் யூலியாவுக்கு எப்போதும் வழங்கவில்லை. 1947ஆம் ஆண்டுப் பதிப்பில் 218 கடிதங்களே இடம்பெற்றன. 428 கடிதங்களைக் கொண்ட 1965ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னரே இம்முரண்பாடு தெளிவாகப் புலப்பட வாய்ப்பேற்பட்டது.