மஞ்சள் சீட்டு

கண்ணீருக்குப் பஞ்சமில்லாத நாடு நம் நாடு. திரையிலே ஒரு திருடன் திருந்தினால் கொட்டகையே விம்முகிறது. தெருவிலே ஒரு திருடன் திருந்தி வந்தால் கதவுகள் ஒவ்வொன்றாகத் தாழிடப்படுகின்றன. அழுவதும் தாழிடுவதும் ஒரே மக்கள்தாம். ஏன் இந்த முரண்பாடு? நம் கலைஞர்கள் நமக்குக் காட்டிய கதையில் ஏதேனும் விடுபட்டுப் போயிற்றா? அல்லது காட்டியதை நாம் காணத் தவறினோமா? இதைத்தான் இங்கே ஆராய விரும்புகிறோம்.

எடுத்துக்கொண்ட படம் 'ஏழை படும் பாடு'. 1950-இல் நம் கோவையிலேயே, பட்சிராஜா ஸ்டுடியோவில், ஸ்ரீராமுலு நாயுடு தயாரிக்க, கே. ராம்நாத் இயக்கிய படம் அது. பிரெஞ்சு நாட்டு விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட பெருங்கதையைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்தார். அதிலிருந்து பிறந்தது படம். நாகையா கதைத் தலைவனாக நடித்தார். விடாது துரத்தும் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே பட்டப்பெயராகி, இறுதிவரை 'ஜாவர்' சீதாராமன் என்றே வழங்கலாயிற்று. துரத்துகிறவனை நாடு அவ்வளவு நன்றாக நினைவில் வைத்துக்கொண்டது!

சென்ற ஆண்டு நம் தொண்டாமுத்தூரில் இளைஞர்கள் நடத்தும் படிப்பகத்தில் இப்படத்தைத் திரையிட்டு, பின்னர் கதையைப் பற்றிப் பேசினோம். கூடியிருந்தோர் அனைவரும் ஒரே காட்சியைத்தான் எடுத்துச் சொன்னார்கள். அடைக்கலம் தந்த பாதிரியாரின் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான் கதைத் தலைவன், பிடிபடுகிறான், "நான் கொடுத்தவைதாம் அவை" என்று கூறி, கூடவே வெள்ளி விளக்குத் தண்டுகளையும் எடுத்துக் கொடுக்கிறார் அந்தப் பெரியவர். உருக்கமான காட்சி. மறுக்கவில்லை. ஆனால் ஹியூகோவின் கதை அங்கே தொடங்கவும் இல்லை, அங்கே முடியவும் இல்லை.

எங்கே தொடங்குகிறது? ஒரு ரொட்டியில். தமக்கையின் ஏழு குழந்தைகள் பசியால் வாட, ஜீன் வால்ஜீன் ஒரு ரொட்டியைத் திருடுகிறான். ஐந்தாண்டுத் தண்டனை. தப்பியோட முயன்றதற்காகத் தண்டனை நீண்டு நீண்டு பத்தொன்பது ஆண்டாகிறது. 1815-இல் வெளியே வருகிறான். கையிலே ஒரு மஞ்சள் சீட்டு. போகும் ஊரெல்லாம் அதைக் காட்டவேண்டும். காட்டினால் விடுதியில் சோறில்லை; காசு கொடுத்தாலும் இல்லை. சிறைக் கதவைத் தட்டி ஒரு நாள் இரவுக்கு இடம் கேட்கிறான், அங்கும் இல்லை. நாயின் குடிலில் நுழைகிறான், நாயும் துரத்துகிறது. ஓர் ஊரில் மூட்டை இறக்கும் வேலை கிடைக்கிறது. நன்றாகவே உழைக்கிறான். காவலன் ஒருவன் சீட்டைக் கேட்கிறான். மாலையில் பேசிய கூலியில் பாதிதான் கைக்கு வருகிறது. உழைப்பிலே குறையில்லை, சீட்டிலே குறை!

பிறகுதான் விளக்குத் தண்டு. அதைப் பெற்றவன் உடனே உத்தமனாகிவிட்டானா? இல்லை. போகிற வழியிலேயே ஒரு சிறுவனின் நாணயத்தைக் காலால் மிதித்துப் பறிக்கிறான். அதன்பின்னரே தன்னைத் தானே கண்டு அழுகிறான். மனமாற்றம் மந்திரத்தில் காய்த்த மாங்காய் அன்று என்பதை ஹியூகோ அறிந்திருந்தார்.

இனி வருவதுதான் நாம் அனைவரும் மறந்துவிட்ட இடம். மனம் மாறிய வால்ஜீன் புதிய ஊர் ஒன்றுக்குள் நுழைகிறான். நுழைந்த வேளையில் அங்கே நகர மன்றக் கட்டடம் தீப்பற்றி எரிகிறது. உள்ளே பாய்ந்து இரு குழந்தைகளை மீட்கிறான். அவை காவல் அதிகாரி ஒருவரின் குழந்தைகள். அந்தப் பரபரப்பிலும் நன்றியிலும் அவனிடம் சீட்டைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவுதான்! சீட்டைக் கேளாத அந்த ஊரில் அவன் தொழில் தொடங்குகிறான், நூற்றுக்கணக்கானோருக்கு வேலை தருகிறான், நகரத் தலைவனாகவே உயர்கிறான்.

தோழர்களே, சிந்தித்துப் பாருங்கள். விளக்குத் தண்டு அவனுக்கு மனத்தைக் கொடுத்தது. வாழ்வைக் கொடுத்தது எது? சீட்டு கேட்கப்படாமை. கருணை கதவைக் காட்டியது. கதவைத் திறந்ததோ ஒரு தற்செயல். அன்று அந்தக் கட்டடம் எரியாமல் இருந்திருந்தால்? மனம் மாறிய அதே மனிதன் மீண்டும் பாதிக்கூலிக்கு மூட்டை தூக்கியிருப்பான். அல்லது மீண்டும் திருடியிருப்பான். நாமும், "பார்த்தீர்களா, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்!" என்று பழமொழி பேசியிருப்போம்.

நம் நாட்டுத் திறனாய்வும், நம் நாட்டுப் படங்களும் விளக்குத் தண்டையே பற்றிக்கொண்டு, சீட்டை விட்டுவிட்டன. ஈராண்டு கழித்து வந்த 'பராசக்தி' ஒரு பெரும் பணி செய்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவன், சமுதாயத்தையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டான். சிறைக்கு முன்னே சமுதாயம் செய்த குற்றத்தை அப்படம் காட்டியது. சிறைக்குப் பின்னே சமுதாயம் செய்யும் குற்றத்தைக் காட்டுவார் யார்? சாந்தாராம் 1957-இல் எடுத்த இந்திப் படத்தைத் தழுவி 1975-இல் 'பல்லாண்டு வாழ்க' வந்தது. ஆறு கொலைக் கைதிகளை ஒரு நல்ல அதிகாரி தரிசு நிலத்துக்கு அழைத்துச் சென்று திருத்துகிறார். அங்கும் ஒரு நல்லவர்! நல்லவர் ஒருவர் வாய்த்தால் திருந்தலாம் என்பது கதைக்குப் போதும். நாட்டுக்குப் போதுமா? ஊருக்கு ஒரு பாதிரியாரையும், சிறைக்கு ஓர் எம்.ஜி.ஆரையும் எங்கிருந்து கொண்டுவருவது?

படிப்பகத்தில் கண்ணீர் காய்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நம் ஊருக்கு அருகே ஒரு வாழைத் தோட்டத்தில், கிணற்று மோட்டாரின் செப்பு ஒயர் காணாமற்போயிற்று. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிப் பிழைத்துவந்தவர் ஒருவர் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு களவு வழக்கில் சிறை சென்று மீண்டவர். அவர் மகள் நம்மிடம் படிக்கிறாள். எவரும் விசாரிக்கவில்லை, ஒயரைத் தேடவுமில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போனார்கள். பானை சட்டி வரை கவிழ்த்துப் பார்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்து உண்மை வெளிவந்தது. தோட்டத்துக்காரரின் மைத்துனர், தம் ஆழ்துளைக் கிணற்றுக்கு அந்த ஒயரை இரவலாக எடுத்துப் போயிருக்கிறார், சொல்ல மறந்துவிட்டார். ஒயர் திரும்பி வந்தது. அந்த மனிதரின் வேலை திரும்பி வரவில்லை. "எதுக்கு வம்பு" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அவரை நிறுத்திவிட்டார். நாம் போய்க் கேட்டோம். படிப்பகத்தில் முன்வரிசையில் அமர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட பெரியவர்தாம் அவர். "வாத்தியாருங்க, சினிமாவுல வர்றது வேறெங்க, நம்ம தோட்டத்துல நடக்கறது வேறெங்க" என்றார்.

அவரை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு நாம் நல்லவராகிவிட முடியாது. ஒயர் காணோம் என்ற செய்தி காதில் விழுந்த அந்த நொடியில், நம் நெஞ்சிலும் முதலில் தோன்றிய முகம் அந்த மனிதரின் முகம்தான். பகுத்தறிவு பேசும் நாக்கு நமக்கு உண்டு. ஆனால் மஞ்சள் சீட்டைத் தேடும் கண்ணும் நமக்கு இருந்தது. வெட்கத்தோடு இதை எழுதுகிறோம். அவரைக் கண்டு வருத்தம் தெரிவித்தபோது அவர் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. "எம்புள்ள கிட்ட மட்டும் பள்ளிக்கூடத்துல யாரும் ஒண்ணும் கேக்காமப் பாத்துக்கங்க வாத்தியாரே. அது போதுங்க" என்றார். சீட்டு மகளின் கைக்கு மாறிவிடக்கூடாதே என்ற அச்சம் அவருக்கு.

களவு செய்தவருக்குத்தான் இந்த நிலையா? நாட்டுக்காகச் சிறை சென்றவருக்கு என்ன வாழ்ந்தது? தொண்டாமுத்தூரிலிருந்து பேருந்தேறிக் காந்திபுரத்தில் இறங்கினால், சற்றுத் தொலைவில் கோவை மத்திய சிறை. அங்கே ஒரு செக்கு இருக்கிறது. 1908-இல் தண்டிக்கப்பட்ட வ. உ. சிதம்பரனார், மாடு இழுக்கும் அந்தச் செக்கை இழுத்தார். இன்று செக்கு நினைவுச் சின்னம். நல்லது. ஆனால் 1912 டிசம்பரில் அவர் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது நாடு என்ன செய்தது? கப்பல் நிறுவனம் அழிந்துவிட்டது. வழக்கறிஞர் உரிமை பறிபோய்விட்டது. சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைக்க முயன்றார், வறுமையோடு போராடினார். இறுதியில் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமை திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார்.

அந்தப் பெயரின் பொருளை எண்ணிப் பார்க்கவேண்டும். உரிமையாக வரவேண்டியது கருணையாக வந்தது. ஆகவே நன்றிக்கடனாக ஒரு பெயர் பிறந்தது. செக்கிழுத்த செம்மலுக்கே மறுவாழ்வு ஒருவரின் பெருந்தன்மையால்தான் வாய்த்தது என்றால், வாழைத் தோட்டத்தில் தண்ணீர் கட்டும் ஏழைக்கு எந்த வாலஸ் வருவார்?

இந்த மஞ்சள் சீட்டுக்கு நம் நாட்டில் ஓர் ஆழ்ந்த வேர் உண்டு. 'பிறவிக் குணம்' என்கிறார்களே, அதுதான் அந்த வேர். பிறப்பால் ஒருவன் உயர்ந்தோன், பிறப்பால் ஒருவன் தாழ்ந்தோன் என்று நம்பிய சமுதாயம், பிறப்பால் ஒருவன் திருடன் என்றும் எளிதில் நம்பியது. வெள்ளையர் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, அந்த நம்பிக்கைக்கு அரசு முத்திரை விழுந்தது. ஒரு குற்றமும் செய்யாத மக்கள், ஒரு குலத்தில் பிறந்த காரணத்துக்காகவே கைரேகை வைத்தனர். பிறக்கும்போதே கையில் மஞ்சள் சீட்டு! சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் ஒழிந்தது. எண்ணம் ஒழிந்ததா? சிறைக்குள்ளேயே சாதி பார்த்து வேலை பிரித்த விதிகளை உச்சநீதிமன்றம் 2024-இல்தான் செல்லாதவையாக்கி, கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்கச் சொல்லிற்று. 'மனிதன் மாறமாட்டான்' என்பதும் 'சாதி மாறாது' என்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றை எதிர்த்துக்கொண்டே மற்றொன்றை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவன் பகுத்தறிவாளன் ஆகமாட்டான்.

"அப்படியானால் தண்டனையே கூடாது என்கிறீரா? பொருளைப் பறிகொடுத்தவன், உறவைப் பறிகொடுத்தவன் கண்ணீருக்கு மதிப்பில்லையா?" என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்வி. தண்டனை கூடாது என்று நாம் சொல்லவில்லை. வெளியே வந்தோர் அனைவரும் திருந்திவிட்டார்கள் என்றும் சொல்லவில்லை. மீண்டும் தவறு செய்வோரும் இருக்கிறார்கள். நாம் சொல்வது ஒன்றே. தண்டனைக்கு ஓர் அளவு உண்டு. அதை நீதிமன்றம் எண்ணிச் சொல்கிறது. மூன்றாண்டு என்றால் மூன்றாண்டு. அதன்மேல் ஊர் விதிக்கும் ஆயுள் தண்டனைக்குச் சட்டம் எது? சாட்சி எது? மேல்முறையீடு எங்கே?

தண்டிக்கப்படாதவர் கையிலும் அந்தச் சீட்டு இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. 2022-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள்! அவர்களையும் ஊர், "உள்ளே போய்விட்டு வந்தவன்" என்றே அழைக்கிறது.

சீட்டைக் கிழிக்க முடியாதா? முடியும். இங்கிலாந்து 1974-இல் ஒரு சட்டம் செய்தது. சிறுதண்டனை பெற்றவர் குறித்த காலம் தவறின்றி வாழ்ந்தால், அந்தப் பழைய தண்டனை கழிந்துபோனதாகக் கருதப்படும்; பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லவேண்டியதில்லை. நம் நாட்டிலும் சிறாருக்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய காப்பைத் தருகிறது. வயது வந்தோர் அனைவருக்கும் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. கோவையில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் நிலையத்தில் கைதிகள் வேலை செய்கிறார்கள். அவர்கள் கையில் பணம் கொடுத்து மீதி வாங்கிக்கொண்டு போகிறோம், அஞ்சவில்லை. தண்டனை முடிந்து அதே மனிதர் வேலை கேட்டு நம் கடை வாசலில் நின்றால் மட்டும் அச்சம் வருவானேன்? கைதியாக இருக்கும்வரை நம்பத்தக்கவர், விடுதலையானதும் நம்பத்தகாதவரா? இதற்குப் பெயர் எச்சரிக்கையா, மடமையா?

எனவே நம் முடிவு இது. 'ஏழை படும் பாடு' நல்ல படம். ஹியூகோவின் கதை பெருங்கதை. குறை, அதைக் கண்ட நம் கண்ணில். விளக்குத் தண்டைக் கண்டு அழுத நாம், சீட்டைக் கண்டு சினந்திருக்க வேண்டும். அழுகை கொட்டகையோடு முடிந்துபோகும். சினமே சட்டத்தை மாற்றும், வழக்கத்தை மாற்றும். சிறை மீண்ட ஒருவரைத் தலைவனாகக் கொண்டு இனி எழுதப்போகும் இளம் எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாதிரியாரைக் குறைத்துக்கொள்ளுங்கள். கூலி கொடுக்கும் முதலாளியை, வாடகைக்கு வீடு தர மறுப்பவரை, காவல் நிலையச் சான்று கேட்கும் எழுத்தரை, பள்ளியில் பிள்ளையைக் கேலி செய்யும் பிள்ளைகளைக் காட்டுங்கள். அங்கேதான் மறுவாழ்வு அமைகிறது அல்லது அழிகிறது.

அந்த மனிதருக்கு இப்போது வேலை கிடைத்திருக்கிறது. படிப்பகத்துத் தோழர் ஒருவரின் குடும்பத் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறார். மோட்டார் அறையின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. இதைச் சாதனையாக எண்ணிச் சொல்லவில்லை; இதுவும் ஒரு விளக்குத் தண்டுதானே! தோழர் மனம் மாறினால் சாவியும் கைமாறும். எந்தத் தோட்டக்காரரின் நல்ல மனத்தையும் எதிர்பாராமல், சீட்டைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லாத ஒரு நாள் வரவேண்டும். அதுவரை, நம் வகுப்பறையில் அந்தச் சிறுமியிடம் எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த ஒன்றுக்கு நாம் பொறுப்பு.