பாம்பு அரசுடையது, மருந்து யார் பொறுப்பு?

அனுமதியில்லாமல் பிடித்த நல்ல பாம்பு மாநில அரசின் சொத்து. செத்துக் கிடந்து கண்டெடுத்தாலும் அப்படியே. 1972இல் நாடாளுமன்றம் இயற்றிய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: உயிர்காக்கும் மருந்துக்காக விஷம் எடுப்பதானால், தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி கொடுக்கலாம். சொத்துரிமையையும் நாட்டின் மருந்து இருப்பையும் சட்டமியற்றியவர்கள் சேர்த்து முடிச்சிட்ட இடம் இது. முடிச்சு ஒரு பக்கம் கெட்டியாக நிற்கிறது. மறுபக்கம் அவிழ்ந்தே கிடக்கிறது.

காவிரி டெல்டாவின் தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களில் இது ஏட்டுச் சங்கதி அல்ல. நெல் இருக்கும் இடத்தில் எலி. எலி இருக்கும் இடத்தில் பாம்பு. தஞ்சாவூர்க் கிட்டி என்று பெயர் வாங்கும் அளவுக்கு எலிப்பொறி வைத்த மண் அது. வரப்பில் களை பறிக்கும்போதும், சம்பா அறுவடையில் கதிரை வாரும்போதும் கண்ணாடி விரியன் கடிக்கிறது; இரத்தம் உறையாமல் போய்ச் சிறுநீரகம் கெடுகிறது. கட்டுவிரியன் வேறு வகை. இரவில், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் வலியோ வீக்கமோ தெரியாது. விடியும்போது இமை தூக்க முடியாது, மூச்சு திணறும். கடிபடுபவர்களில் பெரும்பாலோர் நிலத்தில் உழைப்பவர்கள், நிலம் உடையவர்கள் அல்ல.

சட்டத்தின் நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். அதனால் பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது, பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பும் சேர்ந்து நின்றது. ஆனால் 1978இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் உருவான இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவர்களுடைய அறிவுக்கு வேறொரு வழி காட்டியது. சங்கத்தின் வடநெம்மேலி நிலையத்தில் பாம்பைச் சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விடுகிறார்கள். பாம்பும் பிழைக்கிறது, மருந்தும் கிடைக்கிறது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இந்தச் சங்கத்திலிருந்தே போயிருக்கிறது. 2023இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அது ஒரு சமூகத்தின் கைத்திறனுக்குத் தேசம் தாமதமாகத் தந்த மரியாதை.

ஆனால் சொத்து அரசுடையது. இருளருக்குக் கிடைப்பது அனுமதிச்சீட்டு. எத்தனை பாம்பு, எந்த வட்டாரம், எதுவரை என்பதெல்லாம் வனத்துறை முடிவு. சீட்டு தாமதமானால் பிடிப்பவரின் கூலி நிற்கும். அதோடு நாட்டின் மருந்து உற்பத்தியும் தடுமாறும். ஒரு தேச இருப்பின் அடிவாரம் ஒரு சிறு சங்கத்தின் ஆண்டு அனுமதியில் தொங்குவது பலவீனமான ஏற்பாடு. விஷத்தை விற்ற பிறகு, மருந்தில் அவர்களுக்கு உரிமையோ பங்கோ கிடையாது.

இதைவிடப் பெரிய குறை அறிவியலில் இருக்கிறது. சங்கம் பிடிப்பவை செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பாம்புகள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் செலுத்தி எடுக்கும் ஒரே மருந்து இந்தியா முழுவதற்கும் போகிறது. ஒரே இனம் என்றாலும் ஊருக்கு ஊர் விஷத்தின் கூறு மாறுவதையும், சில வட்டாரங்களில் இந்த மருந்து சரியாக வேலை செய்யாததையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழு ஆய்ந்து காட்டியிருக்கிறது. டெல்டாக்காரருக்கு இதில் ஓரளவு அதிர்ஷ்டம் உண்டு. விஷம் தமிழ்நாட்டுப் பாம்பினுடையது. அந்த அதிர்ஷ்டத்தை வைத்து ராஜஸ்தான் விவசாயிக்குப் பதில் சொல்லிவிட முடியாது.

அடுத்தது இருப்பு. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, பாஸ்புக் கணக்கில் மருத்துவமனைகளுக்குத் தருகிறது. பல மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட முறை. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பாம்புக்கடி மருந்து இருக்க வேண்டும் என்று சுகாதாரத்துறை அமைச்சராக மா. சுப்பிரமணியன் வலியுறுத்திவந்தது சரியான நிலைப்பாடு. விஷத்தோடு ஓடும் ஓட்டத்தில் ஒவ்வொரு மணி நேரமும் உயிர்.

குப்பி அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது. குதிரைச் சீரம் என்பதால் ஒவ்வாமை கடுமையாக வரலாம். தனியாக இருக்கும் இளம் மருத்துவர் அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டு துணிந்து மருந்தைத் தொடங்கப் பழகியிருக்க வேண்டும். பழகாத இடத்தில் நடப்பது, ஒரு குப்பிகூட ஏற்றாமல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு ஆம்புலன்சில் அனுப்புவது. தொடக்கத்திலேயே எட்டுப் பத்துக் குப்பிகள் தேவைப்படும் சிகிச்சை இது. இரண்டு குப்பியை வைத்துக்கொண்டு இருப்பு உண்டு என்று பதிவேட்டில் எழுதினால் அது இருப்பாகாது. கட்டுவிரியன் கடிக்கு வென்டிலேட்டரும், கண்ணாடி விரியன் கடிக்கு டயாலிசிசும் சேர்ந்தால்தான் இருப்பு முழுமை பெறும்.

எவ்வளவு மருந்து வேண்டும் என்று கணக்கிடக்கூட இதுவரை சரியான எண் இல்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்கிறது பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு. தமிழ்நாட்டில் 2023இல் அரசுக் கணக்கில் பதிவானவை 19,795 கடிகள், 43 சாவுகள். இரண்டையும் அருகருகே வைத்தால், வீட்டிலும் மந்திரிப்பவர் திண்ணையிலும் போன உயிர்கள் பதிவேட்டுக்கு வரவில்லை என்றே தோன்றுகிறது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. அதற்குக் கைகொடுத்தது 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம். ராஜாஜி அமைச்சரவையில் திருச்சி மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார அமைச்சராக இருந்தபோது வந்தது. தனியார் மருத்துவமனையும் இனிக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

பாம்பு யாருடையது, விஷத்தை யார் எடுக்கலாம் என்று நாடாளுமன்றம் தெளிவாக எழுதியது. மருந்து குறைந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் எழுதவில்லை. 2030க்குள் சாவைப் பாதியாக்கும் தேசியச் செயல்திட்டம் 2024 மார்ச்சில் வந்திருக்கிறது; ஆனால் திட்டம் சட்டமாகாது. ஒரத்தநாட்டிலும் மன்னார்குடியிலும் இனிப் பதிவாகும் ஒவ்வொரு கடியையும் கொண்டு, குறுவை, சம்பா அறுவடைக்கு முன்பே எந்தச் சுகாதார நிலையத்துக்கு எத்தனை குப்பி என்று கிடங்கு முடிவு செய்யலாம். டெல்டாப் பாம்பின் விஷத்தையும் எடுத்து இந்த மருந்தைச் சோதிக்கலாம். இரண்டுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. 12ஆம் பிரிவின் அனுமதியும் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவேடும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.