‘வெறும் வல்கனைட்’

விக்டோரியா காலத்து நகைகளைச் சேகரிப்பவர்கள் எழுதுவதைப் படித்தால் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வரும்: ‘அசல்’. அந்த வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

1861 டிசம்பரில் இளவரசர் ஆல்பர்ட் இறந்தார். விக்டோரியா ராணி 1901இல் தான் இறக்கும்வரை துக்க உடையைக் கைவிடவில்லை. அரண்மனையின் துக்கம் கடைத்தெருவுக்கும் வந்தது. யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள விட்பி, ஜெட் நகைகளுக்குப் பேர்போன ஊர். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் அழுந்திக் கறுத்த மரம்தான் ஜெட். அதைக் கையால் செதுக்க வேண்டும். விலையும் அதற்கேற்ப இருக்கும். வாங்க முடியாதவங்க வீட்டிலும் சாவு விழத்தானே செய்யும்? அவர்களுக்காக ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கி, அச்சில் வார்த்த வல்கனைட் நகைகள் வந்தன.

இரண்டையும் பிரித்தறியச் சேகரிப்பாளர்களிடம் நல்ல வழிகள் இருக்கின்றன. வல்கனைட் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும். தேய்த்தால் கந்தக வாடை அடிக்கும். ஓரத்தில் அச்சின் கோடு தெரியும். பக் தேடியே பிழைப்பு நடத்தும் எனக்கு இந்தச் சோதனைகள் ரொம்பப் பிடிக்கும். அதன் முடிவில் வரும் தீர்ப்புதான் இடிக்கிறது: ‘வெறும் வல்கனைட்.’

அதே காலத்து அமெரிக்க மேற்குக்கு வருவோம். அங்கே சூதாடிகளின் வெயிஸ்ட்கோட், டை ஊசி, கடிகாரச் சங்கிலி எல்லாமே இன்று சேகரிப்புப் பொருட்கள். அந்தச் சங்கிலியில் ஒரு வகைக்கு ஆல்பர்ட்டின் பெயரே நிலைத்துவிட்டது. இவற்றோடு, உடைக்குள் சீட்டை ஒளிக்கும் கருவிகளுக்கும் தனி மவுசு உண்டு. 1888இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கெப்ளிங்கர் என்ற சூதாடி ஒன்றைச் செய்தார். முழங்கால்களை விரித்தால் சட்டைக்கைக்குள்ளிருந்து சீட்டு நீளும். மேஜிக் நிபுணர் மாஸ்கெலைன் 1894இல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கதை வருகிறது. கூட ஆடியவர்கள் கெப்ளிங்கரை மடக்கிப் பிடித்தார்களாம். பிடித்துவிட்டு, தங்களுக்கும் ஆளுக்கொன்று செய்து தரச் சொன்னார்களாம்.

பொறியியல் படித்தவன் என்ற முறையில் அந்தக் கருவியை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க. அடுத்தவன் சம்பளத்தைச் சுருட்டவென்றே செய்த கருவி இன்று ‘அசல்’. புருஷன் போன துக்கத்துக்கு ஒருத்தி தன் கைக்கு எட்டிய விலையில் வாங்கி அணிந்த ப்ரூச் ‘போலி’.

நேற்றுச் செய்ததை நூற்றாண்டுப் பழசு என்று விற்பது மோசடிதான். வல்கனைட்டை ஜெட் என்று சொல்லி விற்பதும் அப்படித்தான். அங்கே பொய் சொல்வது விற்பவர், பொருள் இல்லை. வல்கனைட் ப்ரூச் அந்தக் காலத்தின் உண்மையான பொருள். ராணியைப் போலத் துக்கம் காட்டச் சொன்ன சமூகத்தில், அந்தச் செலவுக்கு வழியில்லாதவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. விலையுயர்ந்ததை மட்டும் பொறுக்கி வைத்தால் நமக்கு மிஞ்சுவது வசதியானவர்களின் துக்கமும், ஜெயித்த சூதாடியின் மிடுக்கும்தான்.

ஆகவே பொருளை நன்றாகச் சோதியுங்கள். ‘வல்கனைட், அச்சில் வார்த்தது’ என்று சீட்டும் எழுதி ஒட்டுங்கள். அந்த ‘வெறும்’ மட்டும் வேண்டாம்.