தனியாகப் போனவர் சொல்லாமல் விட்டது

எட்வர்ட் ஆபியின் ‘டெஸர்ட் சாலிட்டேர்’ 1968இல் வந்த நூல். கல்லூரி முடித்த வயதில் படித்தபோது, மறுநாளே ஒரு தண்ணீர் பாட்டிலோடு எங்காவது கிளம்பிவிட வேண்டும் போலிருந்தது. வீட்டில் எனக்காகக் காத்திருக்க ஆட்கள் உள்ள இந்த வயதில் திரும்பப் படித்தேன். அன்று கைதட்டிய இடத்தில் இன்று, ‘சரி, யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போனீரா ஐயா?’ என்று கேட்கத் தோன்றுகிறது.

நூலின் உச்சம் ‘ஹவாசு’ அத்தியாயம். இடம், அரிசோனாவின் கிராண்ட் கேன்யனில் ஒரு கிளைப் பள்ளத்தாக்கு. சுண்ணாம்பு கரைந்த நீலப்பச்சை ஓடை, அருவிகள். ஆபி ஐந்து வாரம் அங்கே தங்குகிறார். ஒருநாள் தனியாக நடக்கப் போனவர், குறுக்குவழி என்று நினைத்து ஓர் ஒடுங்கிய பிளவுக்குள் இறங்குகிறார். வழுவழுப்பான பாறையில் சறுக்கி ஒரு குட்டையில் விழுகிறார். மறுபடி ஒரு சறுக்கல். அதன்பின் பாறை விளிம்பு. கீழே சுமார் எண்பது அடிப் பள்ளம். முன்னே போக முடியாது, வந்த வழியே ஏறவும் முடியாது. ஆள் அவ்வளவுதான் என்று நமக்கே தோன்றிவிடுகிறது.

மற்ற அத்தியாயங்களில் ஆபி மேடைப் பேச்சாளர். காரில் வரும் சுற்றுலாப் பயணிகளைத் திட்டுவார், அரசைத் திட்டுவார், தத்துவம் பேசுவார். இங்கே எல்லாம் அடங்கிவிடுகிறது. கால் எங்கே, கைத்தடியை எங்கே ஊன்றுவது, அவ்வளவுதான் பேச்சு. அழுகிறார், அதை மறைக்கவும் இல்லை. பயம்தான் அவருடைய உரைநடையை நேர்மையாக்குகிறது.

தப்பியபின் மழை. சின்னக் குகையொன்றில் முடங்கிக் கழித்த அந்த இரவைத் தன் வாழ்வின் மகிழ்ச்சியான இரவுகளில் ஒன்று என்கிறார். நம்புகிறேன். ஆனால் அவரைப் போலவே யாரிடமும் போகுமிடம் சொல்லாமல் 2003இல் யூட்டாவின் புளூஜான் பள்ளத்தாக்குக்குப் போன ஏரன் ரால்ஸ்டன், பாறையில் சிக்கிய கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். நம்மில் பலருக்கு அந்தக் கதை, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘127 ஹவர்ஸ்’ வழியாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே இருப்பது அதிர்ஷ்டம் மட்டும்தான். ஆபியின் மகிழ்ச்சி அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த ஓடை ஹவாசுபாய் மக்களின் ஊர். அவர்கள் பெயருக்கே நீலப்பச்சை நீரின் மக்கள் என்றுதான் பொருள். 1882இல் அரசு அவர்களை 518 ஏக்கருக்குள் ஒடுக்கியது. 1975 சட்டத்தில்தான் சுமார் 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. புத்தகம் வந்தபோதும் நிலம் கைக்கு வரவில்லை. ஒருவருடைய ஏகாந்தம் இன்னொருவருடைய வீட்டு வாசல்.

அவருடைய சொந்த வீட்டு விஷயமும் இருக்கிறது. ஆர்ச்சஸில் ரேஞ்சராக இருந்த நாட்களில் சில காலம் மனைவியும் கைக்குழந்தையும் கூட இருந்தார்கள். நூலில் அவர்கள் இல்லை. 2018இல் ஏமி இர்வின் ‘டெஸர்ட் கபால்’ எழுதி ஆபியோடு நேருக்கு நேர் வழக்காடினார். எழுதுகிறவர் எதையாவது வெட்டத்தான் செய்வார். ஆனால் தனிமையைத் தலைப்பிலேயே வைத்த புத்தகத்தில் இந்த வெட்டு வேரிலேயே விழுகிறது.

அந்தப் பாறை விளிம்புப் பக்கங்கள் மட்டும் இன்றும் அசையாமல் நிற்கின்றன. அங்கே வெட்ட எதுவும் இல்லை. உண்மையிலேயே தனியாக இருந்தார்.

இளைஞர்களுக்கு இந்த நூலை இனியும் கொடுப்பேன். கூடவே ஒரு வார்த்தை: எந்தப் பள்ளத்தாக்கு, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போ தம்பி.