பந்தை விட்டுவிட்டுப் பார்ப்பவர்கள்

ஐ.பி.எல். ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தால், உள்ளே கொண்டுவரக் கூடாத சாமான்களின் பட்டியலும் கூடவே வரும். தண்ணீர் பாட்டில், பை, தீப்பெட்டி, பட்டாசு என்று போகிற அந்த வரிசையில் கேமராவும் இருக்கும். பட்டாசோடு கேமராவை ஏன் சேர்த்தார்கள் என்றால், எல்லாம் பணம்தான். 2023 முதல் 2027 வரையிலான ஐந்து தொடர்களின் ஒளிபரப்பு உரிமை சுமார் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அவ்வளவு கொட்டிக் கொடுத்து வாங்கியவருக்கு, காலரியில் உட்கார்ந்திருப்பவர் தன் பங்குக்குப் படம் பிடித்துக் காசாக்கினால் பொறுக்காது. நியாயந்தான். ஆனால் ஐந்து மடங்கு ஜூம் உள்ள செல்போன் சட்டைப்பையில் இருந்தபடி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுகிறது. கழுத்தில் தொங்குகிற பழைய கேமராவைத்தான் வாசலில் மறிக்கிறார்கள்.

இந்தக் கெடுபிடியையும் மீறி, எந்த ஆட்டத்துக்கு விடுவார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவைத்துக்கொண்டு கேமராவோடு கிளம்புகிற ஒரு சிறு கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் வட்டாரத்திலும் உண்டு. இவர்களுக்குக் கழுத்தில் அனுமதி அட்டை கிடையாது, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி கிடையாது, படத்துக்குக் காத்திருக்கும் பத்திரிகையும் கிடையாது. இவர்கள் எடுக்கும் நல்ல படங்களுக்கென்று ஒரு தனி அழகு இருக்கிறது. அது அதிர்ஷ்டத்தில் வருவதில்லை. பத்திரிகைக்காரர் பந்தை விட முடியாது. விக்கெட் விழுந்த படம் இல்லாமல் ஆபீஸுக்குப் போனால் அவர் கதை அன்றோடு சரி. டிவி கேமராவும் பந்தின் அடிமைதான். பந்தை விட்டுவிட்டு வேறெங்காவது பார்க்கும் உரிமை மைதானத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது: சொந்தக் கேமராவோடு சொந்தக் காசில் வந்தவருக்கு. அந்த உரிமையை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் ரசனை.

விளையாட்டுப் படங்களின் வரலாற்றிலேயே தொழில்காரர் அல்லாதவருக்கு நல்ல இடம் உண்டு. விக்டர் டிரம்பர் கிரீஸை விட்டு எட்டிப் பாய்ந்து மட்டையை ஓங்கி நிற்கும் படத்தைக் கிரிக்கெட் பிரியர்கள் எங்காவது பார்த்திருப்பார்கள். 1905-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் அதை எடுத்தவர் ஜார்ஜ் பெல்டம். மிடில்செக்ஸ் அணிக்காக ஆடியவர். ஆட்டத்தின் நடுவே எடுத்த படமல்ல அது; டிரம்பரைக் கேமராவுக்காகவே ஆடச்சொல்லி எடுத்தது. ஆனாலும் அந்தப் பாய்ச்சல் எந்தக் கணத்தில் முழு அழகை எட்டும் என்பது தானே மட்டை பிடித்தவருக்குத்தான் தெரியும். பெல்டமின் கேமராவைவிட அவருடைய கிரிக்கெட்டுக்குத்தான் அந்தப் படத்தில் பங்கு அதிகம்.

வாசல் கெடுபிடியும் இன்று நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் 1972 வரைக்கும் டெஸ்ட் ஆட்டங்களைப் படமெடுக்கும் உரிமை இரண்டே ஏஜென்சிகளின் கையில் இருந்தது. அந்தக் கதவு திறந்த பிறகு உள்ளே வந்தவர்தான் பேட்ரிக் ஈகர். கிரிக்கெட் படம் என்றாலே அவர் பெயர் என்று ஆகும் அளவுக்குப் பிற்பாடு உயர்ந்தார். கதவு மூடியே இருந்திருந்தால் ஒரு தலைமுறையின் கிரிக்கெட்டை இன்று நாம் வேறு கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்னொரு படம். 1960 டிசம்பர் 14, பிரிஸ்பேன். உலகின் முதல் 'டை' ஆன டெஸ்ட். ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து எறிந்த பந்து ஸ்டம்பைச் சாய்க்கிறது, மெக்கிஃப் ரன் அவுட். 'தி ஏஜ்' பத்திரிகையின் ரான் லோவிட்டிடம் அப்போது மிச்சமிருந்தது ஒரே ஒரு படத்தகடு. அதை அவசரத்தில் வீணாக்காமல் கடைசிவரை பொத்திவைத்திருந்து அந்தக் கணத்தில் அழுத்தினார். இன்றைக்கு சோனி ஆர்எக்ஸ்10-இன் நான்காம் மாடல் ஒரு நொடிக்கு 24 படம் எடுக்கும். 24-ஐயும் எடுத்துவிட்டுப் பிறகு உட்கார்ந்து பொறுக்குகிறவருக்கும், ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருந்தவருக்கும் உள்ள வித்தியாசம் வெறும் எண்ணிக்கையில் இல்லை. முன்னவர் ஆட்டம் முடிந்த பிறகுதான் பார்க்க ஆரம்பிக்கிறார்.

நம்ம பக்கத்தில் இந்தக் கலையின் பள்ளிக்கூடம் மின்னொளி கபடிதான். கோயில் கொடை, பொங்கல் விளையாட்டு விழா என்று எது வந்தாலும் தேரிக்காட்டுச் செம்மண் ஊர்களில் கபடிக்களம் போட்டுவிடுவார்கள். நாலு மூலையில் கம்பம், கம்பத்துக்கு ரெண்டு விளக்கு, மைக்கில் ஓயாத வர்ணனை. அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசன் இதே மாவட்டத்துக்காரர். அவர் வாழ்க்கையை வைத்துத்தான் மாரி செல்வராஜ் 2025-இல் 'பைசன் காளமாடன்' எடுத்தார். இந்தக் களங்களில் கேமராவை யாரும் மறிக்க மாட்டார்கள். 'நல்லா தள்ளி நின்னு எடுங்கண்ணே' என்பதற்குமேல் விதி ஒன்றும் இல்லை.

விதி இல்லாவிட்டாலும் விளக்கு விடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த மலிவு விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/500 நொடிக்கு வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது அழுக்கு மஞ்சளாகவும் வரும். சில படங்களில் குறுக்கே பட்டை ஓடும். 2014-இல் வந்த கேனான் 7டி மார்க் 2 மாதிரியான கேமராக்கள் விளக்கு உச்சத்தில் எரியும் தருணம் பார்த்துத் தாமே அழுத்திக்கொள்ளும். அந்த வசதி இல்லாதவருக்கு ஒரே வழி 1/100. மங்கலும் வெளிச்சமும் ஒரு முழுச் சுற்று உள்ளே வந்துவிடுவதால் நிறம் சீராக இருக்கும். ஆனால் 1/100-இல் ஓடுகிற கபடி வீரன் கலங்கிய உருவமாகத்தான் விழுவான்.

இந்த முட்டுச்சந்தில்தான் கலை ஆரம்பிக்கிறது. 30 நொடி ரைடில் ஆட்டக்காரன் எல்லா நேரமும் பாய்ந்துகொண்டிருப்பதில்லை. போனஸ் கோட்டருகே ஒரு காலை நீட்டிவிட்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, போவதா வருவதா என்று அவன் நிற்கிற அரைக்கணம் ஒன்று உண்டு. எதிரே கைகோத்து நிற்கும் சங்கிலியும் அப்போது உறைந்து நிற்கும். 1/100-க்கு அந்த அரைக்கணம் தாராளம். கல்யாணப் படம் எடுத்தே கை பழுத்த ஸ்டூடியோ அண்ணாச்சி ஒருவர் இதை ஒரே வரியில் சொல்லுவார்: "முகத்த விடு தம்பி, காலப் பாரு. பின்னங்குதி தரைய விட்டு எழும்பிச்சுன்னா அடுத்தது பாய்ச்சல்தான். குதி எழும்புறதுக்கு முன்னாடி அமுக்கணும், எழும்பினப்புறம் அமுக்கி என்ன பிரயோசனம்?"

அவர் எடுத்த படம் ஒன்றைப் பார்த்தால் சொன்னது விளங்கும். பிடிக்கிற அணியின் முதுகுப் பக்கமிருந்து எடுத்தது. ரைடர் தூரத்தில், ஃபோகஸுக்கு வெளியே நிற்கிறான். கூர்மையாக விழுந்திருப்பது இரண்டு தடுப்பாளர்களின் கோத்த கைகள் மட்டும். ஒருவன் விரல் இன்னொருவனின் மணிக்கட்டில் இறுகி, நகம் வெளுத்திருக்கிறது. செம்மண் முழங்கைவரை அப்பியிருக்கிறது. 'இப்போ' என்று ஒருவன் மற்றவனுக்கு வாய் திறக்காமல் சொல்லியாகிவிட்டது. ரைடருக்கு அது இன்னும் தெரியாது. பார்க்கிற நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆள் பிடிபட்டானா தப்பினானா என்று படம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கிறது. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக், 2017-இல் வந்த தமிழ் தலைவாஸ் என்று கபடி இன்று பளபளப்பான உள்ளரங்குக்குப் போய்விட்டது. அங்கே விளக்கு மின்னுவதில்லை, கேமராவுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கேமராக்கள் எல்லாம் ரைடரின் முகத்தில்தான் நிற்கின்றன.

கோவில்பட்டி கதை வேறு. அங்கே ஹாக்கி பகலிலும் ஆடப்படும்; அந்தி வெயில் செயற்கைப் புல்லின்மேல் சாய்ந்து விழும்போது கேமராக்காரருக்கு அதைவிட வேறு விளக்கு தேவையில்லை. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகளே வந்துபோகும் ஊர் அது. நனைத்த புல்லில் பந்து உருளும்போது பின்னால் ஒரு நீர்க்கோடு எழும். வெயிலுக்கு எதிரே உட்கார்ந்தவருக்குத்தான் அது வெள்ளியாகத் தெரியும்; வெயிலை முதுகில் வாங்கி வசதியாக உட்கார்ந்தவருக்கு வெறும் பந்துதான். எந்தப் பக்க காலரியில் இடம் பிடிப்பது என்பதே அங்கே பாதிப் படம். கம்பி வலை குறுக்கே வந்தால் லென்ஸை வலையோடு ஒட்டிவைத்து அபெர்ச்சரை முழுக்கத் திறந்துவிட வேண்டும். வலை கரைந்து காணாமல் போய்விடும்.

ஹாக்கியில் பெனால்டி கார்னர்தான் எல்லாரும் குறிவைக்கிற தருணம். பந்து வலைக்குள் போகிற படம் நூறு பேரிடம் இருக்கும். அதற்கு முந்திய சில நொடிகளைப் பாருங்கள். கோல்கீப்பரும் நான்கு தடுப்பாளர்களும் கோட்டுக்குப் பின்னே நிற்கிறார்கள். முகக்கவசத்தை மாட்டி, பட்டையை இழுத்து, மட்டையைத் தாழ்த்தி, ஒரே சாய்வில் முன்னே குனிகிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்துக்குமேல் வரக்கூடிய பந்தை நோக்கி ஓடப்போகிறவர்கள். ஐந்து பேரின் பயமும் ஐந்து விதமாக முதுகில் தெரியும். நல்ல காலரிப் படக்காரர் அடிக்கிறவனை விட்டுவிட்டு இந்த ஐவரை எடுப்பார்.

சாத்தான்குளத்திலிருந்து எட்டுகிற தூரத்தில் முழுத்தொழில்முறை ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் திருநெல்வேலி சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம். தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் அங்கே நடந்திருக்கின்றன. 2016-இல் அந்த லீக்கின் முதல் கோப்பையே தூத்துக்குடி பெயர் தாங்கிய டூட்டி பேட்ரியாட்ஸுக்குத்தான் என்பதை இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் சொல்லிக்கொள்வார்கள். கிரிக்கெட்டில் தூரமும் வேகமும் சேர்ந்து கேமராக்காரரைச் சோதிக்கும். 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 1/1000 நொடிக்குள் மூன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்துவிடும். பந்தின் குறுக்களவே ஏழு சென்டிமீட்டர்தான். அதாவது 1/1000-இல் எடுத்தாலும் பந்து பாதியளவு இழுபட்டுத் தெரியும்.

அந்த வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்துக்கு அகன்ற லென்ஸ் வேண்டும். எஃப் 2.8 லென்ஸ், எஃப் 6.3 லென்ஸைவிட ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். பத்திரிகைக்காரர்களின் பீரங்கி லென்ஸ் அதற்காகத்தான். அதை வாங்கவும் முடியாது, வாசலில் விடவும் மாட்டார்கள். 2012-இல் பானாசோனிக் எஃப்இசட்200 வந்தபோது காலரிக்காரர்கள் கொண்டாடியதற்குக் காரணம் இதுதான்: 600 மில்லிமீட்டர் தூரத்துக்கு நீட்டினாலும் எஃப் 2.8 குறையாது, கையிலும் பாரமில்லை. நிகான் பி900 மாதிரி 2000 மில்லிமீட்டர் நீளும் கேமராவுக்கு நிலாவை இழுக்கத் தெரியும். இரவு ஆட்டத்தில் ஓடுகிற ஃபீல்டரை நிறுத்தத் தெரியாது. ஜூம் கணக்கைப் பார்த்துக் கேமரா வாங்குகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதெல்லாம் பந்தைத் துரத்துகிறவர்களின் கவலை. பந்தை விட்டவருக்கு மைதானம் பெரிது. ரன் அவுட் தீர்ப்புக்குக் காத்திருக்கும்போது மட்டையின் பிடியைத் திருகிக்கொண்டே இருக்கும் கை. சிக்ஸர் போன பந்தைப் பார்க்காமல் தன் பூட்ஸைப் பார்க்கும் பந்துவீச்சாளர். எல்லைக்கோட்டில் நிற்கும் ஃபீல்டர், முதுகுக்குப் பின்னால் கூப்பிடும் பையன்களுக்குத் திரும்பாமலே விரலை ஆட்டுவது. இவற்றுக்கு வேகமான லென்ஸ் வேண்டாம், ஆட்டம் தெரிந்த கண் போதும்.

கண்ணியம் என்று ஒன்றும் உண்டு. பின்வரிசைக்காரர் சத்தம் போடுவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். ஃபிளாஷைப் போடக் கூடாது. அந்த ஒளி சில மீட்டருக்குமேல் போகாது, முன்வரிசைக்காரரின் வழுக்கையைத்தான் பிரகாசமாக்கும். பக்கத்து வரிசைக் குடும்பத்தைக் கேட்காமல் படம் பிடிக்கக் கூடாது. தூரத்துக்கு இழுக்கும் லென்ஸ் கையில் இருப்பதால் தூரத்தில் இருப்பவர் அனுமதி தந்ததாக ஆகிவிடாது.

இவ்வளவும் எதற்கு? கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விடுதியில் பயின்ற கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்திய அணிக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி கோல் போட்டதை உலகமே டிவியில் பார்த்தது. அதே பையன்கள் உள்ளூர்ப் போட்டிகளில் ஓடிய நாட்களில் ஒளிபரப்பு வண்டி எதுவும் வரவில்லை. அந்தக் காலத்துக்கு ஏதாவது சாட்சி இருக்குமானால், அது காலரியில் கேமராவோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரின் பழைய ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும். மின்னொளிக் கபடி ஆடி ஓய்ந்த எத்தனையோ பேருக்கு அதுவும் இல்லை. ஸ்டூடியோக்கள் இடம் மாறியபோது நெகட்டிவ் கவர்கள் குப்பைக்குப் போயின.

பெரிய அரங்குகளின் வாசல் நாளைக்கே திறந்துவிடப் போவதில்லை. பரவாயில்லை, அங்கே எடுக்க ஆள் இருக்கிறது. கேமராவை மறிக்காத களங்கள் நம்மைச் சுற்றி இத்தனை இருக்கையில் அங்கே போவதுதான் புத்தி. போகிறவர்கள் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பிடித்த பத்துப் படங்களைப் பிரித்தெடுத்து, ஊர், அணி, தேதி, ஆட்டக்காரன் பெயர் நான்கையும் ஒவ்வொன்றோடும் எழுதி வையுங்கள். அழகான படம் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். அதில் நிற்பவன் இன்னார் என்று இருபது வருஷம் கழித்துச் சொல்லக்கூடிய படத்தைத்தான் அவன் பேரப்பிள்ளைகள் கேட்டு வாங்கிப்போவார்கள்.