எண்பது விழுக்காட்டுக் கலகம்

சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ‘குரூசேடர் கிங்ஸ் 3’ விளையாட்டில் நாடாள்வது என்பது பெரும்பாலும் சிற்றரசர்களின் மனக்குறையை ஆள்வதுதான். ஒவ்வொருவனும் அரசன்மேல் கொண்ட அபிப்பிராயம் ஓர் எண்ணாகத் திரையில் நிற்கிறது. அது சரிந்தால் கோஷ்டி சேர்கிறான். தனியரசு கேட்பது ஒரு கோஷ்டி, வேறொருவனை அரியணை ஏற்றத் துடிப்பது இன்னொன்று, முடியின் அதிகாரத்தைக் குறைக்கச் சொல்வது மற்றொன்று. கோஷ்டியின் படைபலம் அரசனுடையதில் 80 விழுக்காட்டைத் தாண்டினால் அதிருப்தி ஏறத் தொடங்கும். அந்த அதிருப்தி 100-ஐத் தொட்டால் இறுதி எச்சரிக்கை வரும்.

இங்கே கலகத்துக்கு முகம் உண்டு. இதே நிறுவனத்தின் ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’-இல் (2013) பெயரில்லாக் கலகப்படை ஏதாவதொரு மாகாணத்தில் முளைக்கும். களை பறிப்பதுபோல் பறித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம். பக்கத்தில் படையை நிறுத்திக்கொண்டு, வேண்டுமென்றே கலகத்தைக் கிளப்பி முடித்துவிடும் ஆட்டக்காரர்களும் உண்டு. குரூசேடர் கிங்ஸில் எதிரே நிற்பவன் சித்தப்பா, அல்லது மைத்துனன். பெண் கொடுத்து உறவாக்கிக் கூட்டணி கட்டினால் அவன் கோஷ்டிப் பக்கம் போகமாட்டான். நாலு பேரைச் சிரச்சேதம் செய்தால் மற்றவர்கள் அஞ்சி அடங்குவார்கள். அரசன் இறந்ததும் இந்தக் கட்டுமானம் சரிகிறது: அப்பனுக்கு அஞ்சியவன் பிள்ளைக்கு ஏன் அஞ்ச வேண்டும்? இளவரசன் முடிசூடும் அந்த முதல் சில ஆண்டுகளைவிடப் பதற்றமான கட்டம் இந்த வகை விளையாட்டுகளில் எனக்குத் தெரிந்து இல்லை.

குறை, எல்லாம் கண்ணுக்குத் தெரிவதுதான். கோஷ்டி 74 விழுக்காட்டில் நிற்பதைப் பார்த்தால் ஒருவனுக்குப் பொன் அனுப்பி உருவிவிடுவேன். கலகம் கணக்குப் பாடமாகிவிடுகிறது. ஒற்றர் தலைவன் ஒருவன் இருந்தும் இதை மோப்பம் பிடிக்கும் வேலை அவனுக்கு இல்லை, திரையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. முழுக்க மறைத்தால் ‘கணினி ஏமாற்றுகிறது’ என்று ஆட்டக்காரன் கொதிப்பான் என்பதும் நியாயமே. ஒற்றனின் திறமைக்கேற்ப ‘அறுபதிலிருந்து தொண்ணூறுக்குள்’ என்று மங்கலாகக் காட்டியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை பேரம் இல்லாதது. 1215-இல் இங்கிலாந்தில் ஜான் மன்னனுக்கு எதிராகப் பிரபுக்கள் எழுந்தார்கள். மே மாதம் லண்டன் அவர்கள் கைக்குப் போனதும், மதில்மேல் பூனையாக இருந்த பலர் அந்தப் பக்கம் குதித்தார்கள். விளையாட்டிலோ போர் மூண்டபின் வேடிக்கை பார்ப்பவன் பெரும்பாலும் கடைசிவரை வேடிக்கைதான் பார்க்கிறான். ஜூனில் ரன்னிமீடில் பிறந்த மாக்னா கார்ட்டா, பின்னாளில் 63 பிரிவுகளாக எண்ணப்பட்ட ஒப்பந்தம். மன்னனைக் கண்காணிக்க 25 பிரபுக்கள் என்பதும் அதில் ஒன்று. ஆகஸ்டில் போப் மூன்றாம் இன்னசென்ட் அதைச் செல்லாது என்றார், மறுபடி போர். அத்தனை இழுபறிக்கும் இங்கே இருப்பவை இரண்டே பொத்தான்கள்: ஏற்கிறேன், மறுக்கிறேன்.