பெயரில்லாப் பொடியும் பேசாத பெண்ணும்

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கேயம் காளை வாங்க வருபவன், விற்பவனின் வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தை எண்ணித் தருவதில்லை. பல்லைப் பார்க்கிறான், வயதைக் கணிக்கிறான். மாட்டுக்குக் காட்டும் இந்த மதியை, வீட்டு மங்கையின் மருந்துக்குக் காட்டுகிறானா?

“பெண்களின் ஹார்மோனைச் சமன் செய்யும்” என முழங்கும் மூலிகைக் குறிப்பு நூல்களைப் புரட்டுங்கள். அசோகப்பட்டை, தண்ணீர்விட்டான் கிழங்கு, கழற்சிக்காய், மலைவேம்புச் சாறு எனப் பட்டியல் நீளும். எந்த ஹார்மோன்? எவ்வளவு குறைவு? எந்தச் சோதனையில் கண்டது? விடை இராது! தைராய்டுக் குறையும் சினைப்பை நீர்க்கட்டியும் இரத்தச் சோகையும் அவற்றுக்கு ஒன்றே. தீர்வும் ஒரே பொடி. அப்பொடியேனும் மெய்யானதா? அசோகப்பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டை விற்கப்படுவதை ஆய்வாளர்கள் கண்டு கூறியுள்ளனர்.

மாதவிடாய்க் கோளாற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. இன்று ‘ஹார்மோன் சமநிலை’ என்னும் புதுப்பெயர் பூண்டு பழைய சரக்கு உலவுகிறது.

மூலிகையை இகழ்வதன்று நம் நோக்கம். 1940களில் மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த பொருளைப் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனாக மாற்றிக் காட்டினார் ரஸ்ஸல் மார்க்கர். கிழங்கைத் தின்றால் உடல் அம்மாற்றத்தைச் செய்யாது, ஆய்வுக்கூடம்தான் செய்தது. செடியில் பொருள் இருக்கலாம். அளவும் சோதனையுமே அதனை மருந்தாக்கும்.

ஆங்கில மாத்திரையென்றால் ஆராயாமல் விழுங்கலாமா? தமிழகத்து ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயரெழுதாத மாத்திரைகள் தரப்பட்டதை, ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசி, 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிப்படுத்தியது. பொடியாயினும் மாத்திரையாயினும் கொடுமை ஒன்றே: தன் உடலுக்குள் செல்வது யாதென அறியும் உரிமை அவளுக்கு இல்லை!

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் இரத்தச் சோகையர். மிகையான உதிரப்போக்கும் அதற்கொரு காரணம். மருத்துவமனைக்குச் சென்றால் அரைநாள் கூலி போகுமென அஞ்சி, பனியன் ஆலைப் பெண் பொடியை நாடுகிறாள். பொடியைப் பழித்துவிட்டுக் கூலியைப் பற்றி வாய்மூடுவது பகுத்தறிவாகாது.

இளைஞர்களே! மருந்தின் பெயரைக் கேளுங்கள், அளவைக் கேளுங்கள், சோதனை முடிவைக் கேளுங்கள். மருத்துவரைக் காணச் சம்பளத்தோடு விடுப்பும் கேளுங்கள். வெட்கம் என்னும் திரையைக் கிழித்து அவள் பேசத் தொடங்கும் நாளே, விடுதலையின் முதல் நாள்!